ஸ்கேன் நார்மல்தானே, அப்புறம் எதுக்கு மூணு வாரம் கழிச்சு எம்.ஆர்.ஐ?

ரெட்டைப் புள்ளைங்க. 21வது வாரத்துல ஒண்ணுக்கு இதயத்துடிப்பு நின்னு போச்சு. இன்னொண்ணு நல்லா இருக்கு, உதைக்குது, அல்ட்ராசவுண்ட்ல தலை, வயிறு, கை கால் எல்லாம் நார்மல்னு எழுதியிருக்காங்க. அதோட வீட்டுக்கு அனுப்பாம டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் குடுக்கறாங்க: ஃபீட்டல் எம்.ஆர்.ஐ, அதாவது வயித்துக்குள்ள இருக்கற குழந்தைக்கே எடுக்கற எம்.ஆர்.ஐ, மூளைக்கு, மூணு வாரம் கழிச்சு. குடும்பத்துக்கு இது புரியவே புரியாது. நார்மல்னா எதுக்கு எம்.ஆர்.ஐ, சந்தேகம்னா இன்னைக்கே எடுக்கலாமே, அது என்ன மூணு வாரக் கணக்கு? எம்.ஆர்.ஐ மெஷினை ஓட்டற கன்சோல் ரூம்ல உக்கார்ற எங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் மாமியார் வந்து கேப்பாங்க, "தம்பி, வந்தது வந்துட்டோம், இன்னைக்கே ஒரு படம் எடுத்துப் பாத்துடக் கூடாதா"ன்னு.

எடுக்கலாம். எடுத்தா பெரும்பாலும் படம் சுத்தமாத்தான் வரும். எல்லாரும் நிம்மதியா சாப்பிட்டுத் தூங்குவாங்க, ஆனா அந்த நிம்மதிக்கு ஆதாரம் இருக்காது.

ஏன்னு சொல்றேன். ரெட்டைன்னா எல்லாமே ஒரே மாதிரி இல்ல. தனித்தனி நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, இருக்கற ரெட்டைப் புள்ளைங்கள்ல ஒண்ணு போனா இன்னொண்ணோட மூளைக்கு பாதிப்பு வர்றது ரொம்ப அபூர்வம். ஒரே நஞ்சைப் பங்கு போட்டுக்கற ரெட்டைங்க கதை வேற. அவங்க ரெண்டு பேரோட ரத்தக் குழாய்ங்களும் நஞ்சுக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும். ஒரு குழந்தையோட இதயம் நின்ன உடனே அந்தப் பக்கம் ரத்த அழுத்தம் விழுந்துடுது, வரப்பு உடைஞ்ச வயல்லேந்து தண்ணி பள்ளத்துக்குப் பாயற மாதிரி உயிரோட இருக்கற குழந்தையோட ரத்தம் அந்தப் பக்கம் ஓடிடுது, இந்தக் குழந்தைக்கு திடீர்னு பிரஷர் குறைஞ்சு மூளைக்குப் போற ரத்தம் பத்தாமப் போகுது. இது நடக்கறது சில நிமிஷமோ சில மணி நேரமோ. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, வலி கூட இருக்காது. இது வரைக்கும் வெளிவந்த ஆய்வுங்களை சேர்த்துப் பாத்தா, இப்படி ஒரே நஞ்சுல மிஞ்சி நிக்கற குழந்தைங்கள்ல சுமார் நாலுல ஒரு பங்குக்கு மூளை நரம்பு சம்பந்தமான பாதிப்பு ஏதாவது இருக்கு. இன்னொரு விஷயம், "அப்ப உடனே ஆபரேஷன் பண்ணி மிச்ச குழந்தையையாவது எடுத்துடுங்க"ன்னு வீட்ல சத்தம் போடுவாங்க, ஆனா நடக்க வேண்டியது அந்த முதல் மணி நேரங்கள்லயே நடந்து முடிஞ்சிருக்கும், 21 வாரக் குழந்தையை வெளிய எடுத்தா பிழைக்கவும் பிழைக்காது, அதனால எடுக்க மாட்டாங்க.

சரி, காயம் பட்டுடுச்சுன்னே வச்சுக்குவோம். அது எப்பப் படத்துல தெரியும்? கால்ல அடிபட்டா உடனே ரத்தம் வருது, மூளைக்குள்ள ரத்த ஓட்டம் குறைஞ்ச காயம் அப்படி இல்ல. முதல்ல செல்லுங்க வீங்கும், அதுக்குள்ள இருக்கற தண்ணி அசைய இடமில்லாம மாட்டிக்கும். எம்.ஆர்.ஐல டிஃப்யூஷன்னு ஒரு சீக்வென்ஸ், அதாவது படம் எடுக்கற ஒரு முறை, இருக்கு, தண்ணி எவ்வளவு தாராளமா நகருதுங்கறதைத்தான் அது பாக்குது, மாட்டிக்கிட்ட தண்ணி அதுல பளிச்சுனு தெரியும். ஆனா அது சுமார் ஒரு வாரம் வரைக்கும்தான். அப்புறம் செல்லுங்க உடைய ஆரம்பிச்சதும் தண்ணி மறுபடி நகருது, பளிச்சுனு இருந்தது மங்கி, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு போலி நார்மல் ஆயிடுது. அதுக்கு அப்புறம் மெதுவா அந்த இடம் கரைஞ்சு, சுருங்கி, குழியாகும். அந்தக் குழியோ சுருக்கமோ சாதாரணப் படத்துல கண்ணுக்குத் தெரியறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆயிடும். இதுல இன்னொரு தொல்லை, ரெட்டைல ஒண்ணு எந்த நாள்ல போச்சுன்னே பல பேருக்கு சரியாத் தெரியாது, போன ஸ்கேன்ல துடிப்பு இருந்துச்சு இந்த ஸ்கேன்ல இல்ல, நடுவுல எப்பன்னு யாருக்குத் தெரியும். அதனால டிஃப்யூஷன் எடுக்கற அந்த ஒரு வாரம் நம்ம கைல இருக்கா, போயிடுச்சான்னே சொல்ல முடியாது. மூணு வாரம்னு எழுதறதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைல நான் திரும்பத் திரும்ப நேரத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். மெஷின் பெருசா, காந்தத்தோட பலம் எத்தனை டெஸ்லான்னு கேக்கறதை விட எந்த வாரத்துல எடுத்தாங்கன்னு கேக்கறதுதான் முக்கியம்ங்கறது என் அபிப்ராயம்.

கர்ப்பத்துல எம்.ஆர்.ஐ எடுத்ததா முதல்ல எழுதினது 1983ல, ஸ்காட்லாந்துல அபர்டீன்ல இருந்த டாக்டருங்க. அப்ப ஒரு படம் எடுக்கவே நிமிஷக் கணக்குல ஆகும், வயித்துக்குள்ள இருக்கறது நிமிஷக் கணக்குல சும்மா இருக்குமா? அதனால அந்தக் காலத்துல அம்மாவுக்கு மயக்கம் வர்ற மாத்திரை குடுத்தாங்க, இன்னும் சில இடங்கள்ல ஊசி வழியா குழந்தைக்கே தசையை அசையாம வைக்கற மருந்தைச் செலுத்திட்டு படம் எடுத்தாங்க. படம் எடுக்கறதுக்காக குழந்தையைக் கட்டிப் போடறது! 90கள்ல சிங்கிள் ஷாட்னு ஒரு முறை வந்துச்சு, ஒரு ஸ்லைஸை, அதாவது ஒரு குறுக்குவெட்டுப் படத்தை, ஒரு செகண்டுக்குள்ள எடுத்துடும், அதோட அந்த ஊசிக்கு வேலை போச்சு. இன்னைக்கு நாம பாக்கற ஃபீட்டல் எம்.ஆர்.ஐ முழுக்க அந்த ஒரு செகண்டை நம்பித்தான் நடக்குது.

ரூமுக்குள்ள என்ன நடக்கும்னு சொன்னா பாதி பயம் போயிடும். நகை, ஹேர்பின், ஊக்கு எல்லாம் கழட்டிடணும், தாலில இருக்கற ஊக்கைக் கூட. "அம்மா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க"ன்னு சொல்லுவோம், மல்லாக்கப் படுத்தா வயிறு பெரிய ரத்தக் குழாயை அமுக்கி தலை சுத்தும். வயித்து மேல காயில்னு ஒரு பட்டையை வைப்போம், கனம் ஒண்ணும் இல்ல. காதுக்கு ஹெட்ஃபோன். அப்புறம் டக் டக் டக்னு மெஷின் சத்தம். நான் வெளிய கன்சோல்ல முதல் படத்தைப் பாத்து குழந்தை தலை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதோட மூளைக்கு நேரா கோடு போட்டு ஸ்லைஸ் வைக்கறேன், பட்டனை அமுக்கறேன், அந்த இருபது செகண்டுல குழந்தை தலையைத் திருப்பிக்கும். நேரா வெட்டணும்னு வச்சது சாய்வா வந்து நிக்கும். மறுபடி இப்ப வந்த படத்தை வச்சு புதுசா கோடு போடணும், மறுபடி திரும்பும். வாழைத்தண்டை வட்டம் வட்டமா நறுக்கறோம்னு வைங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் தண்டு தானா உருண்டா எப்படி இருக்கும், அதுதான் எங்க வேலை. 20 வாரத்துல குழந்தையோட தலை குறுக்கால 5 சென்டிமீட்டர் கூட இருக்காது, நாங்க எடுக்கற ஸ்லைஸ் ஒவ்வொண்ணும் 3, 4 மில்லிமீட்டர் தடிமன், அப்படின்னா மொத்த மூளைக்கும் ஒரு டஜன் ஸ்லைஸ் சொச்சம்தான். அதுல ரெண்டு அசைவுல போச்சுன்னா அந்த இடத்துல இருந்த சின்னக் காயமும் அதோட போச்சு. அதனாலதான் மூணு திசையிலயும் திரும்பத் திரும்ப எடுத்து அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகுது, ஆளைப் போட்டு வாட்டணும்னு இல்ல.

இப்ப அசைஞ்ச ஸ்லைஸ்களை எல்லாம் ஒண்ணு சேர்த்து கம்ப்யூட்டர்ல சரியான இடத்துல பொருத்தி முழு மூளையையும் முப்பரிமாணமா கட்டி எழுப்பற சாஃப்ட்வேர் வந்திருக்கு. லண்டன்ல கிங்ஸ் காலேஜும் இம்பீரியல் காலேஜும் இதுல நிறைய வேலை பாத்திருக்காங்க. கிங்ஸ் காலேஜ் ஆளுங்க 0.55 டெஸ்லா மெஷின்ல கூட கருவைப் படம் எடுத்துக் காட்டியிருக்காங்க. சாதாரணமா நம்ம ஊர் சென்டர்ங்கள்ல இருக்கறது 1.5 இல்லன்னா 3 டெஸ்லா. கம்மி டெஸ்லான்னா மட்டமான மெஷின்னு நினைக்கற நம்ம ஆளுங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும், ஆனா கர்ப்ப வயித்துக்கு கம்மி ஃபீல்டுல சில சௌகரியங்க இருக்கு, படம் சில இடத்துல வளைஞ்சு நெளிஞ்சு வர்றது குறையும்.

அல்ட்ராசவுண்டை மட்டமா நினைச்சுடாதீங்க. முதல்ல எல்லாத்தையும் கண்டுபிடிக்கறது அதுதான், எம்.ஆர்.ஐக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க அனாமலி ஸ்கேன்ல, அதாவது குழந்தைக்குக் குறைபாடு இருக்கான்னு பாக்கற அல்ட்ராசவுண்ட்ல, யாரோ ஒரு டாக்டர் உத்துப் பாத்து சந்தேகப்பட்டதாலதான் வர்றாங்க. அதோட கஷ்டம் என்னன்னா, மாசம் ஏற ஏற மண்டை ஓடு கெட்டியாகுது, ஒலி அலை உள்ள போக மறுக்குது, வயித்து மேல வைக்கற ப்ரோபுக்குப் பக்கத்துல இருக்கற பாதி மூளை எதிரொலில மங்கிடுது, பனிக்குட நீர் கம்மின்னாலோ அம்மா உடம்பு கொஞ்சம் கனமா இருந்தாலோ, குழந்தை தலை இடுப்புக்குள்ள இறங்கிட்டாலோ இன்னும் மோசம். எம்.ஆர்.ஐக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்ல.

இதுக்கு நம்பர் வேணும்னா பிரிட்டன்ல ஷெஃபீல்டுலேந்து நடத்தின மெரிடியன்ங்கற ஆய்வு இருக்கு, 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. 16 சென்டர்லேந்து, அல்ட்ராசவுண்ட்ல மூளைல கோளாறுன்னு சந்தேகப்பட்ட 570 கருக்களை எடுத்து, ரெண்டு வாரத்துக்குள்ள எம்.ஆர்.ஐயும் பண்ணி, கடைசில உண்மையா என்ன இருந்துச்சுன்னு ஒப்பிட்டாங்க. அல்ட்ராசவுண்ட் சரியாச் சொன்னது 68 சதவீதம், எம்.ஆர்.ஐ 93 சதவீதம். மூணுல ஒரு பங்குக்கு மேல கேஸ்ல சிகிச்சை முடிவே மாறிச்சு. இதைப் படிச்சுட்டு எம்.ஆர்.ஐ தான் ராஜான்னு கிளம்பினவங்களும் உண்டு, இது நியாயமான போட்டியே இல்லன்னு சண்டைக்கு வந்தவங்களும் உண்டு. சண்டைக்கு வந்தவங்க சொன்னதுல விஷயம் இருக்கு: அங்க ஒப்பிட்ட அல்ட்ராசவுண்ட் எல்லாமே மூளைக்குன்னே தனியா, அனுபவசாலி கையால, பிறப்புறுப்பு வழியா பண்ற நியூரோசோனோகிராம் இல்ல. ரெண்டு வாரம் தள்ளி எடுத்த படத்துக்கு அந்த ரெண்டு வாரமே ஒரு லாபம்தானே, மூளை அதுக்குள்ள வளர்ந்திருக்குமே. இங்கயும் பாருங்க, நேரம்தான். இன்னொண்ணு, மெரிடியன் பாத்தது பெரும்பாலும் மூளை உருவாகறதுல வர்ற கோளாறுங்க. நல்லா உருவாகிட்டு இருந்த மூளைக்கு நடுவுல காயம் படறது வேற கணக்கு. அந்த 93ஐக் கொண்டு வந்து அப்படியே இதுக்கு ஒட்ட முடியாது.

காயம்னு சொன்னேனே, அதுல ரத்தக் கசிவுதான் பாக்கறதுக்கு ரொம்ப சுவாரசியம், வார்த்தை கொஞ்சம் கல்நெஞ்சமா இருந்தாலும் வேற சொல்லத் தெரியல. கருவோட மூளைக்கு நடுவுல நீர் நிக்கற அறைங்க இருக்கு, அதோட ஓரத்துல புது செல்லுங்க பிறக்கற, மெத்தை மாதிரி ஒரு திசு இருக்கு, அங்க இருக்கற ரத்தக் குழாய்ங்க நூல் மாதிரி லேசு, கொஞ்சம் பிரஷர் ஏறி இறங்கினா கூட விட்டுடும். 34 வாரம் வாக்குல அந்த மெத்தையே மறைஞ்சுடும், அதனால குறைமாசக் குழந்தைங்களுக்கு இங்க கசியறது அதிகம், சில சமயம் பிறக்கறதுக்கு முன்னாடியே கசிஞ்சுடுது. எம்.ஆர்.ஐல ரத்தம் நேரத்தைக் காட்டிக் குடுக்கும், அதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். கசிஞ்ச கொஞ்ச நாள்ல ஒரு வகைப் படத்துல கருப்பா இருக்கும், நாள் போகப் போக ரத்தத்துல இருக்கற இரும்பு உருமாறி இன்னொரு வகைப் படத்துல வெள்ளையா மினுங்கும், கடைசில துரு மாதிரி ஒரு கருப்புக் கோடா அறையோட ஓரத்துல படிஞ்சு கிடக்கும். அதனால ரேடியாலஜிஸ்ட் ரெண்டு மூணு சீக்வென்ஸைப் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாத்து "இது புதுசு, இது பழசு, இங்க ரெண்டு தடவை கசிஞ்சிருக்கு"ன்னு ஓரளவு சொல்லிடுவாங்க.

அப்படி ரெண்டு தடவை கசிஞ்சிருந்தா ஏன்னு தேடணும். அம்மாவோட உடம்பு குழந்தையோட தட்டணுக்களை, அதாவது ரத்தம் உறைய வைக்கற அணுக்களை, அந்நியம்னு நினைச்சு எதிர்ப்பொருள் அனுப்பியிருக்கலாம், நெகட்டிவ் குரூப் அம்மா பாசிட்டிவ் குழந்தை கதையை எல்லாரும் கேட்டிருப்பீங்க, அதே கதை, சிவப்பணுவுக்குப் பதிலா தட்டணு. ஆனா இது முதல் கர்ப்பத்துலயே வந்துடலாம், அதுதான் கொடுமை. இல்லன்னா கோல்4ஏ1 மாதிரி ஒரு ஜீன்ல கோளாறு, ரத்தக் குழாய் சுவரே பலவீனம். முதல் காரணம்னா அடுத்த கர்ப்பத்துல அம்மாவுக்கு இம்யூனோகுளோபுலின் ஏத்தி குழந்தையைக் காப்பாத்தறதுக்கு வழி இருக்கு. இந்த எம்.ஆர்.ஐயோட பலன் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கலன்னாலும் அடுத்ததுக்குக் கிடைக்குது. இதைக் குடும்பத்துக்கு அந்த நேரத்துல சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

ரத்தக் கசிவு இல்லாம ரத்தம் பத்தாம வர்ற காயத்துலயும் வாரக் கணக்கு எழுதியிருக்கும். சுமார் 26 வாரத்துக்கு முன்னாடி மூளைக்கு தழும்பு போடத் தெரியாது. செத்த இடம் அப்படியே கரைஞ்சு வழவழப்பான ஓரத்தோட ஒரு குழி மட்டும் மிஞ்சும், யாரோ கரண்டியால வழிச்செடுத்த மாதிரி. அதுக்கு அப்புறம் பட்ட காயம்னா தழும்புத் திசு கலந்து, ஓரம் கரடுமுரடா, உள்ள தடுப்பு தடுப்பா இருக்கும். சின்ன வாரங்கள்ல பட்ட காயத்தைச் சுத்தி மூளையோட மடிப்புங்களும் சரியா வராது, பொடிப்பொடியா அளவுக்கு அதிகமா மடிஞ்சு கிடக்கும். சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுலயும் இப்படிப் பொடி மடிப்பு வரும், கூடவே காதுக்குப் பக்கத்துல இருக்கற மூளைப் பகுதியோட முனைல சின்னச் சின்ன நீர்க்கட்டி. 2015, 16ல பிரேசில்ல ஜிகா வைரஸ் பரவினப்ப உலகமே குழந்தைங்களோட தலை சின்னதாப் போனதைத்தான் பாத்துச்சு. கருவுல எடுத்த படங்கள்ல மடிப்பு இல்லாமையும் நீர் அறை வீங்கினதும் தெரிஞ்சுது.

மடிப்புன்னு சொன்னதும் அடுத்த கடிகாரம் வருது. 20 வாரத்துல மூளை மேல்பக்கம் உரிச்ச வேர்க்கடலை மாதிரி வழவழன்னு இருக்கும். 22, 23 வாரத்துல பின்பக்கம் ஒரு கோடு விழும், நடுவுல இருக்கற முக்கியமான கோடு 26, 27 வாரத்துலதான் நல்லாத் தெரியும், 30 தாண்டினப்புறம்தான் வால்நட் மாதிரி முழுக்க சுருங்கி மடியும். அப்ப மடிப்பு சரியா இருக்கான்னு 20 வாரத்துல கேட்டா என்ன பதில் சொல்றது? மடிப்பே இன்னும் வரலயே. மடிப்புல கோளாறு இருக்குன்னு உறுதியாச் சொல்ல சில சமயம் 30, 32 வாரம் வரைக்கும் காத்திருக்கணும்.

இங்கதான் சட்டம் உள்ள வருது. இந்தியால கருக்கலைப்பு சட்டத்தை 2021ல திருத்தினாங்க. குறிப்பிட்ட சில நிலைமைகள்ல 24 வாரம் வரைக்கும், அதைத் தாண்டினா கருவுக்குக் கணிசமான கோளாறுன்னு மெடிக்கல் போர்டு முடிவு பண்ணா மட்டும்தான். பிரிட்டன்ல கடுமையான குறைபாடுன்னா வார வரம்பே இல்ல. இலங்கைல தாயோட உயிரைக் காப்பாத்தறதுக்கு மட்டும்தான் அனுமதி, அது 1883ல போட்ட தண்டனைச் சட்டம். நம்ம ஊர் கணக்கைப் பாருங்க: அனாமலி ஸ்கேன் 18லேந்து 20 வாரம், சந்தேகம்னு சொல்லி ரெஃபர் பண்ணி அப்பாயிண்ட்மென்ட் கிடைக்க ஒண்ணு ரெண்டு வாரம், காயம் தெரிய மூணு வாரம், 24 வந்து முன்னாடி நிக்கும். அரைகுறையாத் தெரியற படத்தை வச்சு முடிவு பண்ணணும், இல்ல தெளிவாத் தெரியற வரைக்கும் காத்திருந்து போர்டு முன்னாடி போய் நிக்கணும். நான் எந்தப் பக்கமும் பேச வரல, ஆனா மூளையோட நேரமும் சட்டத்தோட நேரமும் ஒத்துப் போகலங்கறது இந்த ரூம்ல உக்காந்திருக்கற எல்லாருக்கும் தெரியும். கூடவே பிறக்கறதுக்கு முன்னாடி பாலினம் பாக்கறதைத் தடுக்கற 1994 சட்டமும் இருக்கு, ஆணா பொண்ணான்னு கண்டுபிடிக்கக் கூடிய எந்த இமேஜிங் மெஷினும் அதுக்குள்ள வரும், அதனால தயவுசெஞ்சு மூளை ஸ்கேனுக்கு வந்த இடத்துல "அப்படியே அதையும்..."னு இழுக்காதீங்க.

காயம் எப்பப் பட்டுச்சுங்கற கேள்வி புதுசும் இல்ல. 1861ல லண்டன்ல வில்லியம் ஜான் லிட்டில்னு ஒரு சர்ஜன், குழந்தைங்களுக்கு கை கால் இறுகிப் போற நோய்க்கு கஷ்டமான பிரசவமும் மூச்சுத் திணறலும் குறைமாசமும்தான் காரணம்னு சொன்னார், ரொம்ப நாள் அதுக்கு லிட்டில் நோய்னே பேர், இன்னைக்கு செரிபிரல் பால்சிங்கறோம். 1897ல சிக்மண்ட் ஃப்ராய்ட், ஆமா அந்த கனவு ஃப்ராய்டே தான், அவர் நரம்பு டாக்டரா இருந்தப்ப எழுதினார், கஷ்டமான பிரசவமே உள்ள ஏற்கனவே இருந்த கோளாறோட அறிகுறியா இருக்கலாமேன்னு. யாரும் பெருசா கண்டுக்கல. 1986ல அமெரிக்கால 50,000க்கு மேல கர்ப்பங்களைத் தொடர்ந்து பாத்த ஒரு பெரிய ஆய்வோட கணக்கைப் போட்டப்ப, பிரசவ நேர மூச்சுத் திணறலால மட்டும் விளக்கக் கூடிய செரிபிரல் பால்சி கொஞ்சம்தான்னு வந்துச்சு. ஆனாலும் இன்னைக்கும் நம்ம ஊர்ல குழந்தை நடக்கலன்னா முதல் வார்த்தை "பிரசவத்துல ஏதோ பண்ணிட்டாங்க"ங்கறதுதான். சில சமயம் அது உண்மையும் கூட, அதை மறைக்க வேண்டியதில்ல.

இதோட சம்பந்தப்பட்டு நம்ம பக்கத்துல நடந்த ஒண்ணு இருக்கு. பிறந்ததும் அழாம மூச்சுத் திணறின குழந்தைங்களை 72 மணி நேரம் உடம்பை 33.5 டிகிரிக்குக் குளிர வச்சா மூளை பாதிப்பு குறையும்னு பணக்கார நாடுங்கள்ல நிரூபிச்சாங்க. அதை இந்தியா, இலங்கை, பங்களாதேஷ்னு மூணு நாட்டுல 408 குழந்தைங்ககிட்ட ஹீலிக்ஸ்னு ஒரு ஆய்வுல பண்ணிப் பாத்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு. பலன் இல்ல, அதை விட மோசம், குளிர வச்ச பக்கம் 42 சதவீதம் இறந்தாங்க, வைக்காத பக்கம் 31. ஏன்னு இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க, அதுல ஒரு விளக்கம், இங்க பல குழந்தைங்களுக்கு பாதிப்பு பிரசவ அறைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மெதுவா ஆரம்பிச்சிருக்கலாம்ங்கறது. குளிர வைக்கறது காயம் பட்ட ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன். எப்பவோ பட்ட காயத்துக்கு அந்த ஆறு மணி நேரம் எப்பவோ தாண்டிடுச்சே.

எம்.ஆர்.ஐ சொல்லாததையும் சொல்லிடறேன். நீர் அறையோட அகலம் 10 மில்லிமீட்டர் தாண்டினா பெருசுன்னு கணக்கு, 10லேந்து 12 வரைக்கும் லேசு. ரிப்போர்ட்ல இதைப் பாத்துட்டு கூகுள்ல தேடி தலைல நீர் கட்டிடுச்சுன்னு அழுதுட்டு வர்றவங்க நிறைய. வேற எந்தக் கோளாறும் இல்லாம இது மட்டும் லேசா இருந்தா பத்துல ஒன்பது குழந்தைக்கு மேல சாதாரணமாத்தான் வளருது. எம்.ஆர்.ஐ அங்க செய்யற வேலை "வேற எந்தக் கோளாறும் இல்ல"ங்கற பகுதியை உறுதி பண்றது. அதே மாதிரி குழி ஒண்ணு தெரிஞ்சாலும் அந்தக் குழந்தை நடக்குமா, பேசுமா, ஸ்கூல்ல எப்படிங்கறதை படம் சொல்லாது, காயம் எங்க, எவ்வளவு, ரெண்டு பக்கமுமா ஒரு பக்கமாங்கறதை வச்சு டாக்டர் ஒரு அளவுக்குச் சொல்லுவாங்க. படம் நார்மலா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் காயம் இருக்கவே இருக்காதுன்னு அர்த்தம் இல்ல. பிறந்தப்புறம் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுவாங்க, எடுத்துடுங்க.

பாதுகாப்பு பத்தி ரெண்டு வரி. கதிர்வீச்சு கிடையாது. கனடால ஒன்டாரியோல 14 லட்சம் பிரசவங்களோட ரெக்கார்டைப் பாத்து 2016ல வந்த ஆய்வுல, முதல் மூணு மாசத்துல எம்.ஆர்.ஐ எடுத்த 1,737 பேரோட குழந்தைங்களுக்குக் கூட கூடுதல் ஆபத்து தெரியல. காடோலினியம்ங்கற கான்ட்ராஸ்ட் ஊசி மட்டும் வேண்டாம், அது நஞ்சைத் தாண்டி குழந்தைக்குப் போகும், அதே ஆய்வுல அதுக்குக் கெட்ட பேர்தான் வந்துச்சு. மூளைக் காயம் பாக்க அந்த ஊசியே தேவைப்படாது, யாராவது கேட்டா எதுக்குன்னு கேளுங்க. பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும், தேதி வாரியா, எடுத்துட்டு வாங்க. எந்த வாரத்துல என்ன தெரிஞ்சுதுன்னு இல்லாம படிக்கற ரேடியாலஜிஸ்ட்டுக்கு கை கட்டின மாதிரி.

அந்த ரெட்டைப் புள்ளைங்களோட அம்மா மூணு வாரம் கழிச்சு வருவாங்க. முக்கால் மணி நேரம் ஒருக்களிச்சுப் படுத்துட்டு எழுந்து வந்து என் முகத்தைத்தான் பாப்பாங்க. ரிப்போர்ட் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அது டாக்டரோட வேலை, அவங்களுக்கும் அது தெரியும், அதனால வேற மாதிரி கேப்பாங்க, "அண்ணா, உள்ள அசைஞ்சுதா"ன்னு. அதுக்கு நான் பதில் சொல்லலாம்.

"நிறைய அசைஞ்சுதும்மா. மூணு தடவை திருப்பி எடுக்க வேண்டியதாப் போச்சு."